குத்துச்சண்டை வீராங்கனை எலிசபெத் ஸ்ரோக்ஸ்

அரசர் பெயரைக் கல்வெட்டுக் காக்கும். புலவர் பெயரை ஏடு காக்கும். தன் உடல் வலிமையையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்தவரின் பெயரைக் காப்பது யாது? மல்லரும் கூத்தரும் கழைக்கூத்தாடிகளும் ஈட்டும் புகழ், அவர்களைக் கண்டு ஆரவாரித்த கூட்டம் கலையும்போதே தானும் கலைந்து விடுவது உலகியற்கை. அங்ஙனம் கலையாது, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கடந்தும், பழைய செய்தித்தாள்களின் ஒரு சில அறிவித்தல்களிலே உயிர் தங்கி நிற்கும் பெயர் ஒன்றுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டன் மாநகரின் மேடைகளிலே கைமுட்டியாலும் வாளாலும் போரிட்டு, ஐரோப்பாவின் சம்பியன் என்று அழைக்கப்பெற்ற எலிசபெத் ஸ்ரோக்ஸ் என்னும் பெண்மணியின் பெயரே அது.

1722-ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இலண்டன் மக்கள் தம் செய்தித்தாளிலே ஒரு புதுமையான அழைப்பைக் கண்டனர். கிளாக்கன்வெல் பகுதியினளாகிய எலிசபெத் வில்கின்சன் என்பவள் அதனைத் தன் பெயரால் வெளியிட்டிருந்தாள். நியூகேற் சந்தையைச் சேர்ந்த ஹன்னா ஹைபீல்ட் என்பவளுக்கும் தனக்கும் வாய்ச்சண்டை மூண்டதாகவும், அதற்குப் பரிகாரம் வேண்டி அவளை மேடைக்கு அழைப்பதாகவும், மூன்று கினிப் பணத்தைப் பந்தயமாக வைத்து அவளுடன் குத்துச்சண்டை செய்யத் தான் ஆயத்தமாயிருப்பதாகவும் அவள் அறிவித்திருந்தாள். அதே இடத்தில் ஹன்னாவின் மறுமொழியும் வெளிவந்தது. எலிசபெத்தின் துணிவைத் தான் கேள்வியுற்றதாகவும், இறைவன் திருவருள் இருப்பின் தவறாது மேடையேறி, சொல்லினும் மிகுதியாக அடிகளையே அவளுக்கு வழங்குவதாகவும், அவளிடமிருந்து தனக்கு எவ்விதச் சலுகையும் வேண்டாமெனவும் அவள் கூறியிருந்தாள்.

இரண்டு எளிய பெண்கள். ஒருத்தி ஊரின் வடமேற்குப் புறத்துச் சேரியினள். மற்றவள் இறைச்சிச் சந்தையினள். இவர்களுக்குள் மூண்ட பூசல் தெருவிலேயே எழுந்து தெருவிலேயே அடங்கியிருக்க வேண்டியது. அதனை எழுத்திலே பொறித்து, நாளும் தொகையும் விதியும் குறித்து, ஊரறிய நடத்தத் துணிந்தமையே எலிசபெத்தின் வரலாற்றுக்குத் தொடக்கமாயிற்று. அவள் பிறப்பையோ இளமையையோ எந்த ஏடும் நமக்குக் கூறவில்லை. மேடைக்கு வந்த அன்றே அவள் வரலாற்றுக்குள்ளும் வந்தாள்.

கரடித் தோட்டம்

அந்நாளைய இலண்டன் மாநகரம் ஏறத்தாழ ஆறு இலட்சம் மக்கள் நெருங்கி வாழ்ந்த பேரூர். செல்வரின் மாளிகைகளும் ஏழைகளின் இருட்சந்துகளும் அருகருகே நின்ற காலம் அது. டானியல் டிபோவின் ரொபின்சன் குரூசோ வெளிவந்து மூன்றாண்டுகளே கழிந்திருந்தன. நாடகமும் இசையும் கோப்பிக் கடைப் பேச்சும் மேலோரின் பொழுதுபோக்காய் விளங்க, கீழோரும் மேலோரும் ஒருங்கே கூடி நிற்கும் இடமாய் அமைந்தது கரடித் தோட்டம் என்னும் கேளிக்கைக் களம்.

கிளாக்கன்வெல் பகுதியில் ஹொக்லி என்ற பள்ளமான இடத்திலே அத்தகைய களமொன்று இருந்தது. கட்டிப்போட்ட கரடியின்மீதும் காளையின்மீதும் நாய்களை ஏவிவிட்டு வேடிக்கை பார்த்தல் அங்கு வழக்கமாக நிகழும் விளையாட்டு. விலங்குகளின் போர் ஓய்ந்த நேரத்திலே மனிதரின் போர் தொடங்கும். வாளேந்திய வீரர் இருவர் மேடைமீது நின்று ஒருவரையொருவர் வெட்டிக் காயப்படுத்துவர். கூட்டத்தினர் நாணயங்களை மேடைமீது வீசி எறிவர். காயம் பெரிதாயின் அங்கேயே ஊசியும் நூலும் கொண்டு தைத்து விடுவதற்கு மருத்துவனும் உடனிருப்பான்.

இக்களத்திலே பெண்களும் இடம் பெற்றிருந்தனர். 1710-ஆம் ஆண்டில் இலண்டனுக்கு வந்த யேர்மானிய அறிஞர் உபன்பாக், கரடித் தோட்டத்துப் போரொன்றைக் காணச் சென்றபோது, பார்வையாளர் நடுவே இருந்த பெண்ணொருத்தி, தானும் அம்மேடையிலேயே வேறொரு பெண்ணோடு குருதி சிந்தப் போரிட்டதாக அவரிடம் பெருமையோடு கூறினாளாம். ஆயினும் கைமுட்டியால் குத்திக்கொள்ளும் சண்டையோ அக்காலத்தில் ஆடவரிடையேகூட அப்போதுதான் மேடைக்கு வரத் தொடங்கியிருந்தது. தேம் என்னும் ஊரினரான ஜேம்ஸ் பிக் 1719-ஆம் ஆண்டளவில் இலண்டனிலே தம் பள்ளியையும் வட்டரங்கையும் நிறுவி, வாள், கம்பு, குத்துச்சண்டை ஆகியவற்றைப் பயிற்றத் தொடங்கினார். இங்கிலாந்தின் முதற் குத்துச்சண்டைச் சம்பியன் என்று வரலாற்றாசிரியர் கொள்வது அவரையே. அவர் புகழ் வளர்ந்துவந்த அதே ஆண்டுகளிலேதான் எலிசபெத்தும் மேடையேறினாள் என்பது மறக்கற்பாலதன்று. ஆடவர் கண்டு முதிர்ந்த கலையொன்றைப் பின்னாளிலே பெண்ணொருத்தி வந்து பயின்றாள் என்று எண்ணுதல் பொருந்தாது. அக்கலை தவழ்ந்துகொண்டிருந்த பருவத்திலேயே அவளும் அதன் அருகில் இருந்தாள்.

மூடிய கையுள் வெள்ளிக்காசு

எலிசபெத் விடுத்த அழைப்பிலே ஒரு நிபந்தனை காணப்படுகிறது. போரிடும் பெண்கள் இருவரும் தத்தம் ஒவ்வொரு கையிலும் அரைக் கிறவுண் நாணயம் ஒன்றைப் பற்றிக்கொண்டு நிற்றல் வேண்டும். முதலில் எவள் கையிலிருந்து நாணயம் கீழே விழுகின்றதோ அவளே தோற்றவளாவாள் என்பதே அது.

மேலோட்டமாய்ப் பார்ப்போர் இதனை ஒரு விநோதமாகக் கருதிச் சிரித்து விடுதல் கூடும். சற்று ஆழ்ந்து நோக்கின், இதனுள் நுண்ணிய அறிவொன்று பொதிந்திருத்தல் புலனாகும். அரைக் கிறவுண் என்பது இரண்டரைச் சிலிங் மதிப்புடைய பெரிய வெள்ளி நாணயம். அதனைக் கீழே விழாமற் காப்பதாயின் விரல்களை இறுக மடக்கியே வைத்திருத்தல் வேண்டும். விரல் மடங்கிய கையாற் கீற இயலாது. கூந்தலைப் பற்றி இழுக்க இயலாது. கண்ணைத் தோண்ட இயலாது. குத்துதல் ஒன்றே இயலும். ஆகவே, தெருச்சண்டைக்கும் குத்துச்சண்டைக்கும் இடையே ஒரு வேலியாய் அமைந்தது அந்த வெள்ளிக்காசு.

குத்துச்சண்டைக்கு முதன்முதல் எழுத்திலே விதிகள் வகுத்தவர் என்று போற்றப்படுபவர் ஜாக் புரோட்டன். அவர் விதிகள் 1743-ஆம் ஆண்டிலேதான் தோன்றின. கையுறை அணிதலையும் மூன்று நிமிடச் சுற்றுகளையும் கட்டாயமாக்கிய குயீன்ஸ்பெரி விதிகளோ 1867-ஆம் ஆண்டில் வந்தவை. புரோட்டனுக்கு இருபத்தோர் ஆண்டு முன்னரே, பெண்ணொருத்தியின் பெயரால் வந்த அறிவித்தலிலே, வெற்றி தோல்வியை ஐயமின்றித் துணிவதும், முறையற்ற தாக்குதலைத் தடுப்பதுமான விதியொன்று அச்சேறியிருத்தல் வியப்புக்குரியதே. ஆடவரின் சண்டையிலே அந்நாளில் எதிரியைக் கட்டிப்பிடித்துத் தூக்கி எறிதலும், வீழ்ந்தவனை மேலும் அடித்தலும் வழக்கமாயிருந்தன என்பதையும் உடன் வைத்து நோக்குக.

மூன்று கினி என்பதன் மதிப்பையும் ஈண்டு அறிதல் நன்று. ஒரு கினி இருபத்தொரு சிலிங். எனவே மூன்று கினி அறுபத்து மூன்று சிலிங். வீட்டு வேலைக்காரிகளின் கூலி ஆண்டொன்றுக்கு ஆறு, ஏழு, எட்டுப் பவுண் வரை ஏறிவிட்டதே என்று 1725-ஆம் ஆண்டில் டிபோ ஒரு சிறு நூலிலே குறைபட்டுக்கொண்டார். அவர் மிகையெனக் கருதிய கூலியை வைத்துக் கணக்கிட்டாலும், எலிசபெத் ஒரு மாலைப் பொழுதிலே பந்தயமாக வைத்தது ஒரு வேலைக்காரி ஏறத்தாழ ஆறு மாதம் உழைத்துப் பெறும் ஊதியமாகும். பாத்திரம் துலக்கியும் துணி வெளுத்தும் சந்தையிற் கூவி விற்றுமே வயிறு கழுவவேண்டியிருந்த பெண்களிடையே தோன்றிய ஒருத்திக்கு, அம்மேடை வேடிக்கைக்குரிய இடமாக மட்டும் தோன்றியிராது.

அந்த யூன் மாதத்திலேயே இலண்டன் செய்தித்தாளொன்று, ஆடவர் பொதுவிடத்திலே குத்துச்சண்டை செய்தல் அண்மையில் வழக்கமாகி வருவதாயினும், பெண்கள் அதில் இறங்கியதாகச் சென்ற வாரம் வரை கேள்வியுற்றதில்லை என்றும், ஹொக்லி மேடையிலே பெண்கள் இருவர் முதன்முறையாகத் தோன்றி, நீண்ட நேரம் பேராற்றலுடன் போரிட்டுப் பார்வையாளர்க்கு மிக்க மகிழ்ச்சி விளைத்தனர் என்றும் எழுதிற்று. அவ்விருவர் எலிசபெத்தும் ஹன்னாவுமே என ஆய்வாளர் பலர் கருதுவர்.

அவ்வாண்டிலேயே மீன் சந்தைக்குப் பெயர்போன பிலிங்ஸ்கேற் பகுதியிலிருந்து மற்றொருத்தி எலிசபெத்தை எதிர்த்தாள். தேம்ஸ் நதிக்கரையிலே மீன்கூடை சுமந்து, குளிரிலும் மழையிலும் உரமேறிய பிலிங்ஸ்கேற் பெண்களின் தோள்வலிமையும் வாய்வலிமையும் இலண்டனிலே பழமொழியாகவே வழங்கின. அவர்களுள் குத்துச்சண்டையிற் பேர்பெற்ற ஒருத்தியை எலிசபெத் 29 நிமிட நேரம் எதிர்த்து நின்று முழுவெற்றி கொண்டாள். கையுறை இல்லை, இடையிடையே ஓய்வு தரும் மணியோசை இல்லை. இக்காலத்துப் பெண்கள் உலகப்பட்டத்துக்குப் போட்டியிடும்போதும் இரண்டு நிமிடச் சுற்றுகள் பத்தே பெரும்பாலும் நிகழ்வன. அவ்வளவையும் ஒன்று சேர்த்தாலும் இருபது நிமிடமே ஆகும் என்பதை எண்ணுவோர், அந்த 29 நிமிடத்தின் கடுமையை ஒருவாறு உணர்வர்.

வாளும் கம்பும்

இதன்பின் எலிசபெத் வில்கின்சன் என்ற பெயர் மறைந்து, எலிசபெத் ஸ்ரோக்ஸ் என்ற பெயர் தோன்றுகிறது. இலண்டன் நகரத்து வாள்வீரருள் ஒருவனும், பின்னர் இஸ்லிங்ரன் வீதியிலே தன் பெயரால் வட்டரங்கொன்றை நடத்தியவனுமான ஜேம்ஸ் ஸ்ரோக்ஸ் என்பவனுக்கு அவள் மனைவியானாள். கணவன் மேடையிலே நிற்க மனைவி அடுக்களையிலே காத்திருந்த இல்லறமன்று அவர்களுடையது. இருவரும் ஒருங்கே மேடையேறினர். இணையாகவே அறைகூவல் விடுத்தனர். இணையாகவே காயம் ஏற்றனர்.

1725-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிக்கின் வட்டரங்கிலே நடைபெற்ற போட்டியொன்றில், கெண்ட் நாட்டுச் சம்பியனான சட்டன் என்பவனும் அந்நாட்டு வீராங்கனை ஒருத்தியும் ஒருபுறமும், ஸ்ரோக்ஸும் மனைவியும் மறுபுறமுமாக நின்றனர். வாளினால் மிகுதியான வெட்டுக் கொடுப்பவருக்கு நாற்பது பவுண். நீள்கம்பினால் மிகுதியான அடி கொடுப்பவருக்கு இருபது பவுண். இப்பரிசு ஆணுக்காயினும் பெண்ணுக்காயினும் உரியது என்று அறிவித்தலிலே வெளிப்படையாகக் குறிக்கப்பட்டிருந்தது. வெட்டின் தொகையே கணக்கு. வெட்டிய கை யாருடையது என்பதன்று. அக்காலத்து இங்கிலாந்திலே ஆணையும் பெண்ணையும் ஒரே அளவுகோலால் அளந்து, ஒரே பரிசை முன்வைத்த இடங்கள் எத்தனை இருந்திருக்கும்?

இத்தகைய போர்கள் எவ்வாறு நிகழ்ந்தன என்பதை அறிய, 1725-ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கு வந்த சுவிற்சர்லாந்து நாட்டவரான சேசார் த சொசூர் தம் வீட்டாருக்கு எழுதிய கடிதங்கள் துணைசெய்கின்றன. அவர் கண்ட பெண்கள் இருவரின் பெயரை அவர் குறிக்கவில்லை. ஒருத்தி பருத்த உடலினளான அயர்லாந்துக்காரி. மற்றவள் சிறிய உருவமும் மிகுந்த சுறுசுறுப்பும் உடைய ஆங்கிலேயப் பெண். இருவரும் வெண்மையான குட்டை உடை அணிந்து, ஒருத்தி நீலநாடாவும் மற்றவள் சிவப்புநாடாவும் பூண்டு மேடைக்கு வந்தனராம். அவர்கள் ஏந்திய வாள் மூன்று மூன்றரை அடி நீளமுடையது. முனையருகே அரை அடியளவு மாத்திரம் கூர். அக்கூரோ சவரக்கத்தி போன்றது. அயர்லாந்துக்காரியின் நெற்றியிலே வெட்டு விழவும் போர் நின்றது. காயம் அங்கேயே தைக்கப்பட்டது. மயக்கம் தீர மது கொடுக்கப்பட்டது. மீண்டும் போர் தொடங்கிற்று. பின்னர்க் கழுத்தருகே பெருங்காயம் பட்டு அவள் மேலும் போரிட இயலாளாயினள். அவள் காயங்களைக் கண்டு இரங்கியும், இருவரின் துணிவை வியந்தும் கூட்டத்தினர் மேடைமீது காசு வீசினர். இக்காட்சியைக் கண்ட கண்களோடு நோக்கினால், எலிசபெத்தின் தொழில் எத்தகைய இடருடையது என்பது விளங்கும். அவள் ஈட்டிய ஒவ்வொரு பவுணும் குருதிக்கு விலையாய் வந்தது.

1727-ஆம் ஆண்டு யூலை 17-ஆம் நாள், திங்கட்கிழமை, இஸ்லிங்ரன் வீதி வட்டரங்கிலே அவள் வாழ்வின் பெரும்போட்டிகளுள் ஒன்று குறிக்கப்பட்டது. ரொபேட் பாக்கர், மேரி வெல்ச் என்னும் அயர்லாந்து இணையினர், தம் வாள்களை எதிரிகளின் பருத்த உடல்களிலே பலமுறை கறைப்படுத்தியவர்கள் தாம் என்று பெருமை பேசி, ஸ்ரோக்ஸையும் அவன் வீர மனைவியையும் அழைத்தனர். அயர்லாந்துப் பிரபு ஒருவர் அவர்கள் சார்பிலே இருபது கினி பந்தயம் கட்டியிருந்தார். வாள், குறுவாள், நீள்கம்பு ஆகிய மூன்றும் படைக்கலங்கள். ஸ்ரோக்ஸ் தம்பதியர் விடுத்த மறுமொழி சுருக்கமானது: உடற்சுறுசுறுப்பாலும் கைத்திறத்தாலும் நெஞ்சுரத்தாலும் தாம் முன்னரே ஊரார் பாராட்டைப் பெற்றுவிட்டமையால் நீண்ட முன்னுரை வேண்டுவதில்லை, எதிரிகளைப்போற் சொல்லாடுவதை விடுத்து வாளாலேயே விடை பகர்வோம் என்பது அதன் கருத்து. செல்வரின் வண்டிகள் நேரே வந்து நிற்பதற்கெனத் தனிவாயில் அமைக்கப்பட்டிருந்தது. மூன்று மணிக்குக் கதவு திறக்கும். சரியாக ஆறு மணிக்குப் போர். எலிசபெத் மேடையேறுவது இதுவே இறுதிமுறை என்ற குறிப்பும் அதனோடு சேர்க்கப்பட்டிருந்தது.

மீண்டும் மேடையில்

இறுதிமுறை என்று அறிவித்த பின்னரும் அவள் மீண்டாள். பதினைந்து மாதங்கள் கழித்து, 1728-ஆம் ஆண்டு ஒக்டோபர் 7-ஆம் நாள், டெய்லி போஸ்ட் என்னும் நாளிதழிலே ஸ்ரோக்ஸ் வட்டரங்கின் அறிவித்தல் ஒன்று வெளிவந்தது. இம்முறை அறைகூவியவள் ஆன் பீல்ட் என்னும் பெண். இலண்டனுக்கு வடக்கேயுள்ள ஸ்ரோக் நியூவிங்ரன் என்ற சிற்றூரிலே கழுதை ஓட்டிப் பிழைத்தவள் அவள். நாம் மேலே கண்ட டானியல் டிபோ பல்லாண்டுகள் வாழ்ந்த ஊரும் அதுவே.

கழுதைக்காரி ஆன் பீல்ட் கூறியது இது: தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டு நேர்ந்த இடமெல்லாம் குத்துச்சண்டை செய்து பெயர்பெற்றவள் தான், ஐரோப்பாவின் சம்பியன் எனப்படும் ஸ்ரோக்ஸின் மனைவி தன்னை அவமதித்துவிட்டாள், ஆகவே பத்துப் பவுண் பந்தயத்துக்கு அவளை அழைக்கின்றாள், வீழ்ந்தவள் எழுந்தபின்னரே போர் தொடர வேண்டும், மேடையின் சம்பியன் தானே என்பதை அவள் வாயாலேயே ஒப்புக்கொள்ளச் செய்தல் திண்ணம்.

இவ்வறைகூவலிலே ஒரு செய்தி நுணுகி நோக்கத்தக்கது. ஐரோப்பாவின் சம்பியன் என்ற பட்டம் இங்கே பகைத்து நிற்பவளின் அறைகூவலிலே வருகின்றது. எதிரியின் கூற்றிலும் இடம்பெறும் அளவுக்கு எலிசபெத்தின் பெயர் ஊரிலே நிலைபெற்றிருந்தது போலும்.

எலிசபெத் அளித்த விடையிலே பெருமையும் நகையும் கலந்திருந்தன. பிலிங்ஸ்கேற் வீராங்கனையை 29 நிமிடம் எதிர்த்து வென்றபின் ஆறாண்டுகளாக இவ்வகைப் போரிலே தான் இறங்கியதில்லை என்று முதலில் நினைவூட்டினாள். ஆயினும் ஸ்ரோக் நியூவிங்ரன் கழுதைக்காரி துணிந்து அழைத்தமையால், அப்பத்துப் பவுணுக்குத் தவறாது வந்து சேர்வதாக உறுதி கூறினாள். அவள் தன் கழுதைகளுக்குக் கொடுத்துப் பழகிய அடிகளைக் காட்டிலும், தான் அவளுக்குக் கொடுக்கப்போகும் அடிகள் செரிப்பதற்கு அரியனவாயிருக்கும் என்றும் ஒரு சொல்லம்பு தொடுத்தாள். ஒரு மணிக்குக் கதவு திறந்தது; போர் நான்கு மணிக்கென்று குறிக்கப்பட்டது.

1722-க்கும் 1728-க்கும் இடையே அவள் வாளும் கம்பும் ஏந்தினாள். கைமுட்டிப் போரை விட்டிருந்தாள். ஆறாண்டு இடைவெளியின் பின், பட்டத்துக்கு உரியவள் யார் என்ற கேள்வி எழுந்தவிடத்து, படைக்கலம் எதுவுமின்றி வெறுங்கையுடனேயே அதற்கு விடைகூற அவள் முன்வந்தாள். கணவனின் அரங்கு இருந்தது; ஊராரின் பாராட்டு இருந்தது; மேடையை விட்டு நீங்குவதாக அறிவித்தலும் வெளியாகியிருந்தது. எனினும் ஒரு கழுதைக்காரியின் அழைப்பைத் தட்டிக்கழித்துவிட்டுச் சம்பியன் என்ற பெயரோடு இருப்பதற்கு அவள் உள்ளம் இசையவில்லை என்றே அவ்விடை காட்டுகின்றது.

மறதியும் மீட்சியும்

அக்காலத்து ஆங்கிலச் சட்டத்தை ஈண்டுச் சிறிது நினைத்துப் பார்த்தல் வேண்டும். மணமான பெண்ணுக்கு அச்சட்டத்திலே தனியாளுமை இல்லை. அவள் ஈட்டும் பணம் கணவனுடையது. அவள் உடைமையும் கணவனுடையது. தன் பெயரால் உடன்படிக்கை செய்யும் உரிமையும் அவளுக்கு இல்லை. மணமான பெண்ணின் சம்பாத்தியத்தை அவளுக்கே உரியதாக்கும் சட்டங்கள் 1870-ஆம் ஆண்டிலும் 1882-ஆம் ஆண்டிலுமே பிறந்தன. ஆகவே எலிசபெத் வெல்லக்கூடிய பத்துப் பவுணும் சட்டத்தின் கண்ணுக்கு ஜேம்ஸ் ஸ்ரோக்ஸின் பத்துப் பவுணே. அரங்கமும் அவன் பெயரையே தாங்கி நின்றது.

இத்தகைய சட்டம் ஆண்ட நாட்டிலே, செய்தித்தாளின் பொது இடத்திலே, இலண்டன் நகரத்தவளாகிய எலிசபெத் ஸ்ரோக்ஸ் ஆகிய நான் என்று தொடங்கி ஒரு பெண் தன் வாக்கை ஊரறியக் கொடுக்கின்றாள். அச்சொற்களை அவளே எழுதினாளோ, அரங்கத்துக் கணக்கன் எவனேனும் எழுதிக்கொடுத்தானோ என ஆராய்தல் பெரும்பயன் தராது. அவ்வாக்கைக் காப்பாற்ற மேடையேறி அடிபடவேண்டியவள் அவளே. சட்டம் அவளுக்கு மறுத்த தனிப்பெயரை மேடை அவளுக்கு அளித்தது; அதற்குரிய விலையையும் அவள் உடலிலிருந்தே பெற்றுக்கொண்டது. வறுமையும் குருதியும் கலந்த அவ்வாழ்வைப் பொன்மயமாக்கிக் காட்டுவதும் தவறு. வெறும் கீழ்மக்கள் கூத்தென்று தள்ளுவதும் தவறு.

1730-களிலே எலிசபெத்தின் பெயர் செய்தித்தாள்களிலிருந்து மெல்ல மறைகின்றது. ஜேம்ஸ் பிக் 1734-ஆம் ஆண்டில் இறந்தார். பின்வந்தோர் அவரைக் குத்துச்சண்டையின் தந்தையென்று போற்றினர். பியர்ஸ் ஈகன் என்பார் 1812-ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட பொக்சியானா என்னும் பெருந்தொகுப்பு, சம்பியன்களின் வரிசையைப் பிக்கிலிருந்தே தொடங்குகின்றது. எலிசபெத்தின் அறிவித்தல்களோ பழம்பொருள் திரட்டுவோர் கையிலே அகப்பட்டு, முன்னோரின் முரட்டுத்தனத்துக்கு எடுத்துக்காட்டாகவும் வாசகர் நகைப்புக்குரிய விநோதமாகவும் நூல்களில் இடம்பெற்றன. சிரிப்பதற்காகவே எடுத்து வைக்கப்பட்ட அக்காகிதங்களே அவள் பெயரைக் காத்தன என்பது ஊழின் விளையாட்டு.

பெண்மைக்குப் பொருந்தாதது என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. 1880-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே தோன்றிய தொழில்முறை சாராக் குத்துச்சண்டையாளர் சங்கம் 1996-ஆம் ஆண்டு வரை பெண்களுக்குத் தடை விதித்திருந்தது. தொழில்முறைப் போட்டிகளுக்கு உரிமம் வழங்கும் பிரித்தானியச் சபையும், பெண்களின் உடலியல்பு அவர்களை நிலைகுலையச் செய்யும் என வாதிட்டு உரிமம் மறுத்தது. ஜேன் கௌச் என்னும் வீராங்கனை வழக்காடி 1998-ஆம் ஆண்டில் அத்தடையை உடைத்தார். அவ்வாண்டு நவம்பர் மாதத்திலே, உரிமம் பெற்ற பெண்களின் முதற் போட்டி பிரித்தானியாவில் நடைபெற்றது. நடந்த ஊர் இலண்டன்.

2012-ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவிலே பெண்களின் குத்துச்சண்டை முதன்முறையாகப் பதக்கத்துக்குரிய போட்டியாயிற்று. அவ்விழாவும் இலண்டனிலேயே நிகழ்ந்தது. மூன்று எடைப்பிரிவுகளிலே 36 பெண்கள் பங்குபற்றினர். ஓகஸ்ட் 9-ஆம் நாள் இங்கிலாந்தின் நிக்கோலா அடம்ஸ் முதற் பொற்பதக்கத்தை வென்றார். அன்றே மற்றொரு பிரிவிலே அயர்லாந்தின் கேற்றி டெய்லரும் பொன் வென்றார். இஸ்லிங்ரன் வீதியிலே எலிசபெத் ஸ்ரோக்ஸும் அயர்லாந்தின் மேரி வெல்ச்சும் எதிரெதிரே நிற்கக் குறிக்கப்பட்ட அந்த யூலை மாலையை அன்று எத்தனைபேர் எண்ணினரோ!

ஹொக்லிப் பள்ளத்திலே அவள் மூடிய கையுள் வைத்திருந்த அரைக் கிறவுண் நாணயம் இன்று செல்லாக்காசு. அதனை நழுவவிடாமற் காத்த கையின் உறுதி மட்டும் செல்லாக்காசாகவில்லை. அடிபட்டு, அடிகொடுத்து, ஆறாண்டு கழித்தும் பட்டத்துக்குப் பொறுப்பேற்று மேடையேற முன்வந்த அப்பெண்ணுக்குச் சிலை எதுவும் வேண்டா. குத்துச்சண்டையின் வரலாறு எழுதப்படும் இடமெல்லாம், முதற் பக்கத்திலே, ஜேம்ஸ் பிக்கின் பெயருக்கு அருகிலே, எலிசபெத் ஸ்ரோக்ஸ் என்ற பெயரும் எழுதப்படுதல் வேண்டும். அவளுக்கு உரிய இடம் அதுவே.